வேலை நேர்காணலில் புதிர்க் கேள்விகள்: ஒரு வரலாறு

வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்த வேலையோடு நேரடித் தொடர்பில்லாத, எதிர்பாராத கேள்விகளைக் கேட்டு விண்ணப்பதாரரின் அறிவையும் கற்பனையையும் அளக்க முயலும் முறை புதிர் நேர்காணல் எனப்படுகிறது. பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, ஒரு பள்ளிப் பேருந்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும், ஒரு செங்கல்லை எத்தனை வகையில் பயன்படுத்தலாம் போன்றவை இவ்வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். கணினித் துறையின் வளர்ச்சியோடு உலகெங்கும் பரவியதால் இது அண்மைக்கால வழக்கம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் இதன் வரலாறு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இத்தகைய கேள்விகள் யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின, அவற்றால் உண்மையில் எது அளக்கப்பட்டது என்ற விவாதமும் அவை தோன்றிய நாளிலிருந்தே தொடர்ந்து வருகிறது.

நுண்ணறிவுச் சோதனையின் தொடக்கம்

புதிர்க் கேள்விகளின் வேர் உளவியல் சோதனைகளில் இருக்கிறது. 1905-இல் பிரான்சு நாட்டு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்பவருடன் சேர்ந்து, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக ஒரு சோதனையை உருவாக்கினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் அதை மாற்றியமைத்து 1916-இல் ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையாக வெளியிட்டார். உதவி தேவைப்படுவோரைக் கண்டறிய உருவான கருவி, திறமைசாலிகளைப் பொறுக்கி எடுக்கும் கருவியாக மாறியது இங்கேதான்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் படைவீரர்களுக்கான இரண்டு சோதனைகளை உருவாக்கினர். எழுத்தறிந்தவர்களுக்கு ஆல்ஃபா, எழுத்தறியாதவர்களுக்குப் பீட்டா. ஏறத்தாழ 17 லட்சம் பேர் இவற்றை எழுதினர். ஆல்ஃபா சோதனையில் கிரிஸ்கோ என்பது என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று நான்கு விடைகள் தரப்பட்டிருந்தன. கிரிஸ்கோ என்பது அமெரிக்கச் சமையலறைகளில் புழங்கிய ஒரு கொழுப்புப் பண்டத்தின் வணிகப் பெயர். அந்நாட்டுக்குப் புதிதாகக் குடியேறி வந்த ஒருவர் எவ்வளவு கூர்மதி உடையவராக இருந்தாலும் அதை அறிந்திருக்க வழியில்லை. நுண்ணறிவை அளப்பதாகச் சொல்லப்பட்ட கேள்வி, உண்மையில் அந்த நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளை அளந்தது.

எடிசனின் வினாத்தாள்

புதிர் நேர்காணலைப் பொதுமக்களின் பேச்சுப் பொருளாக்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன். நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த தம் ஆய்வுக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேலை தேடி வந்த பட்டதாரிகளுக்கு அவர் ஏறத்தாழ 150 கேள்விகள் கொண்ட வினாத்தாளைக் கொடுத்தார். பிரான்சைச் சூழ்ந்துள்ள நாடுகள் எவை, வோல்கா ஆறு எங்கே ஓடுகிறது, மடக்கையைக் கண்டுபிடித்தவர் யார், தோல் எப்படிப் பதனிடப்படுகிறது, கோடரிக் காம்புக்கு எந்த மரம் பயன்படுகிறது என்று கேள்விகள் நீண்டன. 20 அடி அகலமும் 30 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட அறையில் உள்ள காற்றின் எடை என்ன என்பதும் அவற்றுள் ஒன்று. அதற்கு விடை ஏறத்தாழ 200 கிலோ. காற்றுக்கு எடையே இல்லை என்பது போல் வாழும் மனிதருக்கு இது வியப்பூட்டும் எண்தான்.

1921 மே மாதத்தில், தேர்வில் தோற்ற விண்ணப்பதாரர் ஒருவர் தம் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளை நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளியிட்டது. நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. நடமாடும் கலைக்களஞ்சியமாக இருப்பவர்தான் இதில் தேற முடியும் என்று தோற்றவர்கள் குறைபட்டனர். கல்லூரிப் பட்டதாரிகளுக்குப் பொது அறிவே இல்லை என்று எடிசன் பதில் சொன்னார். பொறுப்பான பதவியில் இருப்பவர் முடிவெடுக்கும் கணத்தில் தகவல் அவர் மனத்தில் இருக்க வேண்டும், நூலகத்தில் இருந்து பயனில்லை என்பது அவரது வாதம்.

அப்போது ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் முதன்முறையாக அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தார். பாஸ்டன் நகரில் செய்தியாளர்கள் அவரிடம் எடிசன் பட்டியலில் இருந்து, ஒலியின் வேகம் என்ன என்று கேட்டனர். புத்தகங்களில் எளிதாகக் கிடைக்கும் தகவலைத் தாம் மனத்தில் சுமப்பதில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் விடை சொன்னார். எடிசன் தேர்வில் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று செய்தி வந்தது. இந்நிகழ்வு வெறும் வேடிக்கையாக நினைவில் நின்றாலும், அதற்குள் ஒரு தீவிரமான கேள்வி அடங்கியிருக்கிறது. எடிசனின் தொழிற்கூடத்தில் பொருள்களின் இயல்பும் விலையும் கிடைக்குமிடமும் தெரிந்த மனிதர் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஐன்ஸ்டைனின் திறமை வேறொன்று. எடிசனின் வினாத்தாள் எடிசனைப் போன்ற ஒருவரைத்தான் தேடியது.

படைத் தேர்வும் வெற்று அட்டையும்

இரண்டாம் உலகப் போரில் இன்னொரு வழி பிறந்தது. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் பிரித்தானியத் தரைப்படை 1942-இல் தேர்வு வாரியங்களை அமைத்தது. குடும்பப் பின்புலம் பார்த்து ஆள் எடுத்த பழைய முறைக்கு மாற்றாக, உளவியலாளர்களும் படை அதிகாரிகளும் சேர்ந்து விண்ணப்பதாரர்களைச் சில நாள்கள் தங்கவைத்துக் கவனித்தனர். தலைவர் இல்லாத ஒரு குழுவுக்குக் கூட்டுப்பணி ஒன்றைக் கொடுத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பது அவர்களின் முக்கிய உத்தி.

இந்தியப் படைகளின் சேவைத் தேர்வு வாரியம் இந்த மரபில் வந்தது. இன்றும் அதன் உளவியல் பிரிவில் வழக்கத்துக்கு மாறான கேள்விகள் இடம்பெறுகின்றன. ஒரு சொல் திரையில் தோன்றும். 15 விநாடிகளுக்குள் மனத்தில் எழுவதை வாக்கியமாக எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள் வரும். தெளிவற்ற படங்களைப் பார்த்துக் கதை எழுதும் தேர்வும் உண்டு. அதில் கடைசியாக வருவது எதுவும் வரையப்படாத வெற்று அட்டை. அதற்கும் விண்ணப்பதாரர் ஒரு கதை எழுத வேண்டும். படத்தைக் காட்டிக் கதை சொல்லவைக்கும் இம்முறையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி முர்ரே, கிறிஸ்டியானா மோர்கன் ஆகியோர் 1930-களில் உருவாக்கினர். வெற்று அட்டையில் சரியான விடை என்று ஒன்று கிடையாது. எழுதுபவர் எதைச் சிக்கலாகக் காண்கிறார், அதை யார் தீர்ப்பதாக எழுதுகிறார் என்பதே கவனிக்கப்படுகிறது.

செங்கல்லின் பயன்கள்

1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜே. பி. கில்ஃபோர்டு, படைப்பாற்றலை உளவியலாளர்கள் ஆராயாமல் விட்டுவிட்டனர் என்று சுட்டிக்காட்டினார். ஒரே ஒரு சரியான விடையை நோக்கிக் குவியும் சிந்தனை வேறு, பல விடைகளை நோக்கி விரியும் சிந்தனை வேறு என்று அவர் பிரித்தார். விரிசிந்தனையை அளக்க அவர் பயன்படுத்திய சோதனைகளுள் பெயர்பெற்றது, செங்கல் போன்ற ஒரு சாதாரணப் பொருளுக்கு எத்தனை பயன்கள் சொல்ல முடியும் என்பது.

இதில் எண்ணிக்கை மட்டும் மதிப்பெண் பெறுவதில்லை. வீடு கட்டலாம், சுவர் எழுப்பலாம், கிணறு கட்டலாம் என்று அடுக்கினால் எண்ணிக்கை கூடும். ஆனால் எல்லாம் கட்டுமானம் என்ற ஒரே வகைக்குள் அடங்கிவிடும். கதவு மூடாமல் முட்டுக்கொடுக்கலாம், சூடாக்கித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம், பொடித்துக் கோலத்துக்குச் செம்மண் நிறம் தரலாம் என்று சொல்பவர் வகை விட்டு வகை தாவுகிறார். விடைகளின் எண்ணிக்கை, வகைகளின் பன்மை, பிறர் சொல்லாத புதுமை, விரித்துச் சொல்லும் நுட்பம் என்ற நான்கும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. பிற்காலத்தில் இக்கேள்வி நேர்காணல் அறைக்குள் புகுந்தபோது கேள்வி மட்டுமே வந்து சேர்ந்தது. மதிப்பிடும் முறை பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டது.

ஷாக்லியின் கைக்கடிகாரம்

கணினித் துறையில் புதிர் நேர்காணலின் தொடக்கத்தை எழுத்தாளர் வில்லியம் பவுண்ட்ஸ்டோன் தம் 2003-ஆம் ஆண்டு நூலில் வில்லியம் ஷாக்லி வரை கொண்டு செல்கிறார். டிரான்சிஸ்டர் ஆய்வுக்காக 1956-இல் இயற்பியல் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டவர் ஷாக்லி. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடமே சிலிக்கான் பள்ளத்தாக்கின் முதல் சிலிக்கான் நிறுவனம்.

1957-இல் ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்ற இளைஞர் அங்கு வந்தார். ஷாக்லி நேரத்தை அளந்துகொண்டே ஒரு புதிரைச் சொன்னார். ஒரு டென்னிஸ் போட்டியில் 127 பேர் கலந்துகொள்கின்றனர். தோற்றவர் வெளியேற வேண்டும். வெற்றியாளரைக் கண்டறிய மொத்தம் எத்தனை ஆட்டங்கள் தேவை? சுற்றுச் சுற்றாகக் கூட்டிப் பார்ப்பது வழக்கமான வழி. கிப்பன்ஸ் உடனே 126 என்றார். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது, 126 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 126 ஆட்டங்கள் என்று விளக்கினார். அதைக் கேட்டு ஷாக்லி மகிழவில்லை, எரிச்சலடைந்தார். அடுத்த புதிரில் கிப்பன்ஸ் தடுமாறிய பிறகுதான் அவர் முகம் தெளிந்ததாம். கிப்பன்ஸ் பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொறியியல் பள்ளியின் தலைவரானார்.

ஷாக்லியின் வாழ்க்கையே இச்சோதனைகளின் எல்லையைக் காட்டுகிறது. லூயிஸ் டெர்மன் 1920-களில் கலிஃபோர்னியாவின் மேதைக் குழந்தைகளைத் தேடி ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். சிறுவன் ஷாக்லி அதற்காகச் சோதிக்கப்பட்டும் தேர்வு பெறவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெசும் அப்படியே விடுபட்டார். அந்தச் சோதனையால் கைவிடப்பட்ட ஷாக்லியே, வளர்ந்தபின் தம்மிடம் வேலைக்கு வந்தவர்களை நியூயார்க்கில் உள்ள உளவியல் சோதனை நிறுவனத்துக்கு அனுப்பினார். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் ஆகிய இருவரும் நல்ல மேலாளர்களாக வரமாட்டார்கள் என்று அறிக்கை வந்ததாக மூர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவ்விருவர் உட்பட எட்டுப் பேர் ஷாக்லியின் நிர்வாகம் பொறுக்காமல் 1957-இல் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1968-இல் நாய்சும் மூரும் இன்டெல் நிறுவனத்தை நிறுவினர். நல்ல மேலாளராக வர இயலாமல் போனவர் ஷாக்லிதான்.

நீதிமன்றத்தில் ஒரு சோதனை

வேலைத் தேர்வில் கேட்கப்படும் கேள்வி வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டுமா என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வட கரோலினாவில் டியூக் மின் நிறுவனத்தின் டான் ரிவர் மின்நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் மிகக் குறைந்த ஊதியம் பெறும் கூலிப் பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டப் பிரிவு 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், மற்றப் பிரிவுகளுக்குப் புதிதாகச் சேர இரண்டு பொதுத் திறன் சோதனைகளில் தேற வேண்டும் என்று நிறுவனம் விதித்தது. அவற்றுள் ஒன்று 12 நிமிடங்களில் எழுத வேண்டிய வொண்டர்லிக் சோதனை.

கறுப்பினத் தொழிலாளர்கள் 13 பேர் தொடுத்த வழக்கில் 1971 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது. சோதனை பார்வைக்கு நடுநிலையாக இருந்தாலும், ஒரு பிரிவினரை அதிகமாக வெளியேற்றுமானால், அது அந்த வேலையைச் செய்யும் திறனோடு தொடர்புடையது என்பதை நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கரி அள்ளுபவர் ஒருவர் அடுத்த நிலைக்கு உயர, அந்த நிலையின் வேலைக்கே தேவைப்படாத புதிர்களை அவிழ்க்க வேண்டியதில்லை என்பதே இதன் சாரம். எழுத்துத் தேர்வுகளைப் பல நிறுவனங்கள் எச்சரிக்கையோடு அணுகத் தொடங்கியது இத்தீர்ப்புக்குப் பிறகுதான்.

மைக்ரோசாஃப்ட் காலம்

1975-இல் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1980-களிலும் 1990-களிலும் புதிர்க் கேள்விகளுக்குப் பெயர்பெற்றது. கணினி மொழிகள் விரைவாக மாறும் துறையில், இன்று தெரிந்ததைவிட நாளை கற்றுக்கொள்ளும் திறனே முக்கியம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். இக்காலக் கேள்விகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, காரணம் கேட்பது. பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமானது என்பது இதில் அடங்கும். சதுர மூடியின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைப் போல் ஏறத்தாழ 1.41 மடங்கு நீளம். எனவே மூடியைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்காகத் திருப்பினால் அது குழிக்குள் விழுந்துவிடும். வட்டத்தின் அகலம் எல்லாத் திசையிலும் ஒன்றே, ஆகவே விழாது. கனமான மூடியை உருட்டிச் செல்லலாம், எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும் என்பவையும் ஏற்கத்தக்க விடைகளே.

இரண்டாம் வகை, தருக்கப் புதிர். நான்கு பேர் இரவில் ஒரு பழைய பாலத்தைக் கடக்க வேண்டும். கையில் ஒரே விளக்கு. ஒரு நேரத்தில் இருவர் மட்டுமே செல்லலாம். அவர்கள் கடக்க முறையே 1, 2, 5, 10 நிமிடங்கள் ஆகும். இணைந்து செல்லும்போது மெதுவானவரின் வேகமே வேகம். வேகமானவரே ஒவ்வொருவரையும் அழைத்துச் சென்றால் 19 நிமிடங்கள் ஆகும். ஆனால் 17 நிமிடங்களில் முடிக்கலாம். முதலில் 1, 2 நிமிடக்காரர்கள் கடக்கின்றனர். 1 நிமிடக்காரர் விளக்கோடு திரும்புகிறார். 5, 10 நிமிடக்காரர்கள் சேர்ந்து கடக்கின்றனர். அக்கரையில் இருந்த 2 நிமிடக்காரர் விளக்கோடு திரும்புகிறார். கடைசியில் முதல் இருவரும் மீண்டும் கடக்கின்றனர். மெதுவான இருவரையும் ஒன்றாக அனுப்புவதே இதன் நுட்பம்.

மூன்றாம் வகை, உத்தேசக் கணக்கு. இது இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரால் அறியப்படுகிறது. 1945-இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது, அவர் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விட்டு, அதிர்வலை அவற்றை எவ்வளவு தூரம் தள்ளியது என்று பார்த்து, வெடிப்பின் ஆற்றலை 10 கிலோடன் என்று மதிப்பிட்டார். உண்மை அளவு அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேல். வெறும் காகிதத்தைக் கொண்டு செய்த கணிப்புக்கு இது வியக்கத்தக்க நெருக்கம்.

ஃபெர்மி பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கேள்வி, சிகாகோ நகரில் பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர்கள் எத்தனை பேர் என்பது. நகர மக்கள்தொகை 30 லட்சம் என்று கொள்ளலாம். வீட்டுக்கு இருவர் என்றால் 15 லட்சம் வீடுகள். 20 வீடுகளுக்கு ஒரு பியானோ என்றால் 75,000 பியானோக்கள். ஆண்டுக்கு ஒரு முறை சுருதி கூட்டப்படும் என்று வைத்துக்கொண்டால் 75,000 வேலைகள். ஒருவர் நாளுக்கு நான்கு வீதம் 250 நாள் உழைத்தால் 1,000 வேலைகள். ஆகவே ஏறத்தாழ 75 பேர். இதில் எந்த எண்ணும் துல்லியமானதல்ல. ஆனால் விடை ஏழாகவோ ஏழாயிரமாகவோ இருக்க வாய்ப்பில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. இவ்வகைக் கணக்கின் பயன் அதுதான்.

கூகுளின் விளம்பரப் பலகை

2004-இல் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுவனப் பெயர் எதுவும் இல்லாத ஒரு விளம்பரப் பலகை தோன்றியது. இயல் மடக்கையின் அடிமானமாகிய 2.718 எனத் தொடங்கும் முடிவிலா எண்ணில், அடுத்தடுத்து வரும் இலக்கங்களில் அமைந்த முதல் பத்திலக்கப் பகா எண்ணை இணைய முகவரியாகக் கொள்ளும்படி அது கேட்டது. விடை 7427466391. அங்கே சென்றவருக்கு இன்னொரு புதிர் காத்திருந்தது. அதையும் அவிழ்த்தவரை வேலைக்கு விண்ணப்பிக்கும்படி கூகுள் அழைத்தது.

அந்நிறுவனத்தின் நேர்காணல்களில் கேட்கப்பட்டதாகப் புகழ்பெற்ற கேள்விகளுள் ஒன்று, விண்ணப்பதாரர் ஒரு நாணயத்தின் உயரத்துக்குச் சுருக்கப்பட்டு மிக்சி ஜாடிக்குள் போடப்பட்டால் எப்படித் தப்புவார் என்பது. படுத்துக்கொள்வேன், பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வேன் என்பவை வழக்கமான விடைகள். இயற்பியல் வேறொரு விடை தருகிறது. உடல் சுருங்கும்போது தசையின் வலிமை நீளத்தின் இருமடியாகக் குறைகிறது, எடையோ மும்மடியாகக் குறைகிறது. ஆகவே சிறிய உடல் தன் எடையை ஒப்பிட மிக வலிமையானது. தத்துக்கிளியைப் போல் தாவியே வெளியேறிவிடலாம். அளவு மாறினால் வலிமையின் விகிதமும் மாறும் என்பதைக் கலீலியோ 1638-ஆம் ஆண்டு நூலிலேயே விளக்கியிருந்தார். கேள்வி அழகானதுதான். ஆனால் மென்பொருள் எழுத வருபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமா என்பதே விவாதத்துக்கு உரியது.

இந்தியாவில் பரவல்

2000-ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் மென்பொருள் நிறுவனங்கள் பொறியியல் கல்லூரிகளில் வளாகத் தேர்வு நடத்தத் தொடங்கியபோது, தருக்கப் புதிர்கள் இந்திய மாணவர்களின் அன்றாடப் பாடமாயின. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் சகுந்தலா தேவியின் புதிர் நூல்களும் ஜார்ஜ் சம்மர்சின் தருக்க நூல்களும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. புதிர் என்பது முன்பின் கேட்டிராததாக இருக்கும்வரைதான் சிந்தனையை அளக்கும். எல்லாரும் மனப்பாடம் செய்த பிறகு அது நினைவாற்றலையும், அந்தப் புத்தகம் கைக்கு எட்டிய வாய்ப்பையும் மட்டுமே அளக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

குடிமைப் பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வு வேறு பாதையில் நிற்கிறது. மொத்தம் 2,025 மதிப்பெண்களில் 275 அதற்கு உரியவை. விண்ணப்பதாரரின் ஊர், பாடம், பொழுதுபோக்கு ஆகியவற்றிலிருந்து எழும் எதிர்பாராத கேள்விகள் அங்கே வழக்கம். தகவலறிவைச் சோதிப்பது அதன் நோக்கமன்று, நோக்கமுள்ள ஓர் உரையாடலின் வழியே மனத்திறனை அறிவதே நோக்கம் என்று தேர்வாணையத்தின் அறிவிக்கை கூறுகிறது.

ஆய்வுகள் சொன்னவை

நேர்காணலின் நம்பகத்தன்மை குறித்த ஐயம் புதியதல்ல. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்பே உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட், ஒரே விண்ணப்பதாரர்களைப் பல விற்பனை மேலாளர்கள் தனித்தனியே நேர்காணல் செய்தால் அவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்படுவதைக் காட்டினார்.

2013-இல் கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், புதிர்க் கேள்விகள் நேரத்தை வீணாக்கின, யார் நன்றாக வேலை செய்வார் என்பதை அவை கணிக்கவில்லை, கேட்பவருக்குத் தாம் அறிவாளி என்ற நிறைவைத் தருவதே அவற்றின் பயன் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். புதிர்க் கேள்விகளைக் கேட்க விரும்புவோர் யார் என்று ஸ்காட் ஹைஹவுசும் அவருடைய குழுவினரும் 700-க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்தனர். 2019-இல் அச்சான அவர்களின் கட்டுரை, தற்பெருமை, பிறர் தவிப்பில் இன்பம் காணுதல் ஆகிய இயல்புகள் மிகுந்தவர்களிடம் அந்த நாட்டம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. கிப்பன்ஸ் சரியான விடை சொன்னதும் ஷாக்லிக்கு வந்த எரிச்சல் இங்கே நினைவுகூரத் தக்கது.

இதற்கு மாற்றாக வளர்ந்தது கட்டமைக்கப்பட்ட நேர்காணல். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பெண் அளவுகோல் என்பவை இதன் அடிப்படை. இப்படிப்பட்ட ஒரு சூழலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் சூழ்நிலைக் கேள்வியும், இப்படிப்பட்ட ஒரு சூழலில் முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் நடத்தைக் கேள்வியும் 1980-களில் இதன் இரு கிளைகளாக வளர்ந்தன. பால் சாக்கெட் முதலியோர் 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பிற்கால வேலைத்திறனோடு கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் தொடர்பு 0.42 என்றும், கட்டமைப்பில்லாத நேர்காணலின் தொடர்பு 0.19 என்றும் மதிப்பிடப்பட்டது. முழுப் பொருத்தத்தைக் குறிக்கும் எண் 1. எந்த முறையும் அதற்கு அருகில் இல்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

விண்ணப்பதாரர்கள் கையாளும் வழிகள்

பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பின்னும் இக்கேள்விகள் முற்றாக மறையவில்லை. இவற்றை எதிர்கொள்வதில் பயன்பட்டு வந்த வழிகள் மேற்கண்ட வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன.

கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல்: பேருந்தில் இருக்கைகள் உண்டா, விடை எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்று கேட்பது குறையல்ல. வேலையிலும் தெளிவற்ற பணியை இப்படித்தான் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாய்விட்டுச் சிந்தித்தல்: உத்தேசக் கணக்கில் ஒவ்வொரு கருதுகோளையும் எண்ணோடு சொல்லிச் செல்வதால், இறுதி விடை பிழைத்தாலும் எந்தப் படியில் பிழைத்தது என்று கேட்பவரால் காண முடிகிறது. கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று இறுதியில் ஒரு முறை சரிபார்ப்பதும் இதில் அடங்கும்.

தெரிந்த புதிரை ஒப்புக்கொள்ளுதல்: முன்பே கேட்ட புதிரைப் புதிதாக அவிழ்ப்பதுபோல் நடித்தால் அடுத்த துணைக்கேள்வியில் வெளிப்பட்டுவிடும். இது எனக்குத் தெரிந்த புதிர் என்று சொல்வது நேர்மையின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது.

கற்பனைக் கேள்வியை அனுபவத்தோடு இணைத்தல்: நீங்கள் ஒரு விலங்கானால் எந்த விலங்காக இருப்பீர்கள் என்ற கேள்விக்கு விலங்கின் பெயர் முக்கியமில்லை. அதற்குச் சொல்லும் காரணத்தைத் தம் வாழ்வில் நடந்த ஒன்றால் நிறுவும்போதுதான் விடைக்கு உயிர் வருகிறது. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் அந்நிகழ்வைச் சொல்வது வழக்கம்.

எல்லையை அறிதல்: சாதி, மதம், திருமணம், மகப்பேறு பற்றிய கேள்விகள் வித்தியாசமான கேள்விகள் என்ற போர்வையில் வந்தாலும் அவை படைப்பாற்றலைச் சோதிப்பவை அல்ல. இந்த வேலைக்கு அது எவ்வாறு தொடர்புடையது என்று பணிவாகக் கேட்பதும், பேச்சை வேலைக்குத் திருப்புவதும் விண்ணப்பதாரரின் உரிமை.

மதிப்பீடு

கிரிஸ்கோ முதல் மிக்சி ஜாடி வரை இக்கேள்விகள் வெளித்தோற்றத்தில் மாறிக்கொண்டே வந்தன. அவற்றின் சிக்கல் மாறவில்லை. எந்த விடைக்கு எதற்காக மதிப்பெண் என்று கேட்பவரே முன்கூட்டி முடிவு செய்யாதபோது, கேள்வி விண்ணப்பதாரரை அளப்பதை விட்டுவிட்டுக் கேட்பவரின் விருப்பு வெறுப்பை அளக்கத் தொடங்குகிறது. கில்ஃபோர்டின் செங்கல்லும் ஃபெர்மியின் கணக்கும் பயனுள்ளவையாக நிற்பதற்குக் காரணம் அவற்றின் விசித்திரமன்று. எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவற்றில் தெளிவாக இருந்தது. நேர்காணலில் ஒரு புதிரில் தோற்ற மாணவர் தம் அறிவின் மீதே ஐயம் கொள்வது இன்றும் நடக்கிறது. டெர்மன் விட்டுவிட்ட இருவர் நோபல் பரிசு பெற்றதும், மேலாளராக வரமாட்டார் என்று எழுதப்பட்ட இருவர் இன்டெல் நிறுவனத்தை எழுப்பியதும் அவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.